மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி: ஆறு ஆண்டு கார்டு விற்பனையும் சேதப் புகார்களும்

நியூ ஜெர்சியில் இருந்தபடி ஆறு ஆண்டுகளாகப் போகிமான் என்ற விளையாட்டின் சேகரிப்புக் கார்டுகளை இணையத்தில் விற்று வருகிறேன். பெரும்பாலும் 1999 முதல் 2003 வரை ஆங்கிலத்தில் வெளிவந்த பழைய தொகுப்புகள். பத்து டாலர் கார்டும் உண்டு, எப்போதாவது முந்நூறைத் தொடும் கார்டும் உண்டு. முழுநேரத் தொழில் அல்ல. வேலை முடிந்து வந்து, இரவில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காயவிட்டுப் பார்சல் கட்ட உட்காருவேன். வந்த சேதப் புகார்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: எந்தக் கார்டு, என்ன விலை, என்ன குறை சொன்னார்கள், எப்படி முடிந்தது. அண்மையில் அதை முதலிலிருந்து படித்தேன். வழியில் உண்மையாகவே அடிபட்ட கார்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவை பெரும்பாலும் 'நியர் மின்ட்', அதாவது ஏறத்தாழப் புதியது, என்ற தரச் சொல்லைப் பற்றிய வாக்குவாதங்கள்.

போகிமான் கார்டின் பின்பக்க ஓரம் கருநீலம். அதில் கடுகில் பாதி அளவுக்கு நிறம் உதிர்ந்தாலும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அந்தப் புள்ளி இருந்தாலும் நியர் மின்ட்தான் என்பார் ஒருவர். இல்லவே இல்லை என்பார் இன்னொருவர். தர வரிசையே ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்க வழக்கில் நியர் மின்டுக்கு அடுத்த படி 'லைட்லி பிளேய்ட்', அதாவது கொஞ்சம் விளையாடித் தேய்ந்தது. ஐரோப்பாவின் கார்ட்மார்க்கெட் என்ற விற்பனைத் தளத்தில் மின்ட், நியர் மின்ட், எக்சலன்ட், குட் எல்லாம் கடந்து ஐந்தாம் படியில்தான் 'லைட் பிளேய்ட்' வரும். இப்படிப்பட்ட ஒற்றைச் சொல்லை நம்பி நூறு டாலர் பொருளை விற்பது தவறு என்று எனக்குப் புரிய பிளாஸ்டாய்ஸ் என்ற போகிமானின் கார்டு ஒன்று தேவைப்பட்டது.

அது 'பேஸ் செட்' என்ற முதல் தொகுப்பின் ஹோலோ, அதாவது படத்தில் மின்னும் தாள் கொண்ட கார்டு. ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, நியர் மின்ட் என்று எழுதி விற்றேன். 'ஹோலோ பரப்பு முழுவதும் மெல்லிய கீறல்கள்' என்று வாங்கியவர் எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. பத்து வரிகளில் என் நேர்மையை விளக்கிப் பதில் அனுப்பினேன். அதன் பிறகு அவர் இறங்கி வரவில்லை. திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்து முழுப் பணத்தையும் கொடுத்தேன். திரும்பி வந்த கார்டை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தால், அவர் சொன்ன கீறல்கள் அத்தனையும் இருந்தன. ஸ்கேனரின் ஒளி அவற்றை விழுங்கியிருந்தது.

அன்று முதல் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் படம் எடுக்கிறேன். பின்பக்கத்தின் நான்கு மூலைகளுக்கும் தனித்தனி நெருக்கப் படம். நூறு டாலரைத் தாண்டினால் கார்டைச் சாய்த்துத் திருப்பும் சிறு வீடியோவும் உண்டு. 'இடது மேல் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி' என்று விவரத்தில் நானே எழுதிவிடுகிறேன். விலை சிறிது குறைகிறது, ஆனால் புகார்கள் பாதிக்கு மேல் நின்றுவிட்டன.

கட்டும் முறையில் நான் செய்த பிழைகளும் நோட்டில் இருக்கின்றன. கார்டை முதலில் ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டுத்தான் டாப்லோடர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் நுழைக்க வேண்டும். வெறும் கார்டை நுழைத்தால் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்கே கீறிவிடும். டாப்லோடரின் வாயை மூடாமல் அனுப்பினால் வழியிலேயே கார்டு வெளியே நழுவி மூலை மடங்கும். இதற்காக நான் ஒரு காலத்தில் கண்ணாடி டேப்பை இறுக்கி ஒட்டி வந்தேன். ஒருவர் அதைப் பிரிக்கக் கத்தி எடுத்தார். கத்தி டேப்போடு கார்டின் விளிம்பையும் கிழித்தது. அவரே அதை மறைக்காமல் எழுதினார். அவர் கையால் நேர்ந்தது என்றாலும் கத்தி எடுக்க வைத்தது என் டேப். பாதிப் பணம் திருப்பினேன். இப்போது சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் ஒட்டும் நீல டேப்தான். அதிலும் ஒரு நுனியை மடித்துவிடுவேன், விரலால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். டாப்லோடரைவிட விரலளவு பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, குமிழ் உறையில் போட்டு அனுப்புகிறேன். ரப்பர் பேண்டு கூடவே கூடாது.

புகார் வந்தால் அன்றைக்கே பதில் எழுதுகிறேன். வருத்தம் தெரிவித்து, நான்கு படங்கள் கேட்பேன்: ஸ்லீவிலிருந்து எடுத்த கார்டின் இரு பக்கங்கள், உறையின் வெளிப்புறம், உள்ளே இருந்த அட்டைகள். எதையும் எறிந்துவிட வேண்டாம் என்றும் சொல்வேன். கார்டு மடங்கிய இடத்திலேயே உறையும் நசுங்கியிருந்தால் வழியில் நேர்ந்தது என்று தெளிவாகிவிடும். அமெரிக்கத் தபால் துறையின் கிரவுண்ட் அட்வான்டேஜ் சேவையில் 100 டாலர் வரை காப்பீடு சேர்ந்தே வருகிறது; அனுப்பிய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உறையும் பொருளும் கையில் இருக்க வேண்டும். உறை குப்பைக்குப் போய்விட்டால் அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிடும்.

புதிதாக விற்க வருபவர்கள் பலர் 'திரும்பப் பெறுவதில்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். விவரித்தபடி பொருள் இல்லை என்ற புகாருக்கு முன் அந்த வரிக்கு மதிப்பில்லை. இபே விதிப்படி, பொருள் சேர்ந்து 30 நாட்கள் வரை வாங்கியவர் புகார் தரலாம். விற்றவர் 3 வேலை நாட்களுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பும் செலவும் விற்றவருடையதே.

இருபது டாலருக்குக் கீழே என்றால் நான் வாதாடுவதில்லை, கார்டைத் திருப்பியும் கேட்பதில்லை. அதற்கு மேல், 'உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறது?' என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் நான் மனதில் வைத்திருந்த தொகையைவிடக் குறைவாகவே சொல்லியிருக்கிறார்கள். கார்டை நேசிப்பவர்களுக்குப் பணத்தைவிட, குறையை ஒப்புக்கொள்ளும் ஒரு வரி முக்கியமாக இருக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏமாற்று வேலை ஒரே ஒரு முறை நடந்தது. நான் அனுப்பிய கார்டுக்குப் பதிலாக மூலை தேய்ந்த வேறொன்று திரும்பி வந்தது. பழைய ஹோலோ கார்டுகளில் மின்னும் தாள் ஒரே இடத்தில் வெட்டப்படுவதில்லை. நட்சத்திரங்களும் சுழிகளும் கார்டுக்குக் கார்டு இடம் மாறி அமையும். என் படத்தில் ஒரு சுழி தலைக்கு மேலே இருந்தது. வந்த கார்டில் அந்த இடம் வெறுமை. இரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பனைத் தளத்துக்கு அனுப்பினேன். ஒன்பது நாட்கள் கழித்து எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த ஒருவரை வைத்து மற்ற எல்லாரையும் சந்தேகித்திருந்தால் இந்த வேலையையே விட்டிருப்பேன்.

இந்த வாரம் ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது. நியூ ஜெர்சியின் கோடை ஈரத்திலிருந்து அரிசோனாவின் வறண்ட வெப்பத்துக்குப் போன ஒரு புதிய ஹோலோ கார்டு வில்லாக வளைந்திருக்கிறதாம். காகிதம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், அதன் மேல் ஒட்டிய மின்னும் தாள் அப்படி அசையாது. அதனால் வரும் வளைவு இது. சேதம் என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, இல்லை என்று தள்ளவும் மனம் வரவில்லை. தட்டையான இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே சில நாட்கள் வைத்துப் பார்க்கும்படி கேட்டிருக்கிறேன். சரியாகாவிட்டால் முழுப் பணமும் தருவதாகவும் எழுதியிருக்கிறேன். ஞாயிறன்று படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.