அகிதாவின் கிரிதான்போ நாபே: கடுங்குளிருக்கு ஏற்ற சட்டி உணவு

ஜப்பானின் வடபகுதியில் கடும்பனி பொழியும் அகிதா மாகாணத்தின் ஓடாத்தே நகரில், ஒரு சிறிய உணவகத்தில் பரிமாறப்படும் கிரிதான்போ நாபே மனதாரப் பாராட்டத்தக்கது. புத்தரிசியைச் சோறாக்கி, பருக்கைகள் பாதி மசியும்வரை மட்டும் இடித்து, சுகி எனும் ஜப்பானிய தேவதாரு மரக் குச்சியைச் சுற்றிக் குழல்போல் பிடித்துத் தணலில் சுடுவதே கிரிதான்போ. இங்கு அதன் மேற்புறம் பொன்னிறத்தில் மொறுமொறுப்பாகவும், உள்ளே பருக்கைகள் நாவில் தனித்துத் தெரியும்படியும் இருந்தது.

ஆயினும் இந்த உணவின் உயிர், ஹினாய் கோழியின் எலும்பைக் கொதிக்கவைத்து, சோயா சாஸும் சாக்கே எனும் அரிசி மதுவும் அளவாகச் சேர்த்த சாற்றில்தான் இருக்கிறது. 1942-இல் இயற்கை நினைவுச்சின்னமாக, அதாவது அரசு காக்கும் உயிரினமாக அறிவிக்கப்பட்ட ஹினாய்தோரி எனும் நாட்டுக்கோழி இனத்தை ரோட் ஐலண்ட் ரெட் எனும் அமெரிக்கக் கோழி இனத்துடன் கலந்து உருவாக்கிய இக்கோழியின் இறைச்சி சற்றே உறுதியானது. மெல்ல மெல்லச் சுவை கூடுகிறது. மைதாக்கே காளானும், மண்வாசனை மாறாத கோபோ வேரும் அந்தச் சாற்றுக்கு ஆழம் தருகின்றன. செரி எனும் மணமுள்ள ஜப்பானியக் கீரையை வேரோடு கழுவிக் கடைசியில் சேர்க்கிறார்கள். இலையைவிட அந்த வெண்ணிற வேர்களே அதிகம் மணக்கின்றன என்பது என் கருத்து.

குறை ஒன்று உண்டு. கிரிதான்போ முழுவதையும் தொடக்கத்திலேயே சட்டியில் இட்டுவிட்டதால், இரண்டாம் கிண்ணம் எடுப்பதற்குள் அது கரையத் தொடங்கிவிட்டது. ஆகவே அதைத் தனித்தட்டில் கேட்டு வாங்கி, உண்பதற்குச் சற்று முன்பு இடுவதே நல்லது. புத்தரிசி வரும் இலையுதிர்காலம் முதல் பனிக்காலம் முடியும்வரை இதை உண்ணச் செல்லலாம்.