எங்கள் வீட்டு டெலஸ்கோப்புக்கு மூன்று வயது

2022 அக்டோபரில் வாங்கிய டெலஸ்கோப் இன்றும், மழைக்காலம் போக மற்ற மாதங்களில், வாரத்துக்கு ஒரு தடவையாவது மொட்டை மாடிக்குப் போய் வருகிறது. அதற்கு முன்னால் வாங்கிய ஒன்று நான்கே நாளில் பரணுக்கு ஏறிவிட்டது. இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று, குழந்தைகளுக்காக முதல் டெலஸ்கோப் தேடுகிறவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், அம்மா, பெண், பையன். வாங்கியபோது பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்கு ஆறு.

முதலில் வந்தது 60 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த, முக்காலியோடு கூடிய சின்ன டெலஸ்கோப். பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒரு டெலஸ்கோப்பின் வாய் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல இரண்டு மடங்கு வரைதான் உருப்பெருக்கம் உருப்படியாக இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 60 என்றால் 120 மடங்கு, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகும், ஆனால் கலங்கிப் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். முக்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே நிலா குதிக்கும், அது அடங்குவதற்குள் பையன் கண்ணை எடுத்துவிடுவான். "ஒண்ணுமே தெரியல அம்மா" என்று அவன் மூன்றாம் நாள் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதோடு வந்த, கண் வைக்கும் இடத்தில் மாட்டுகிற சூரிய ஃபில்டரை உடனே குப்பையில் போட்டேன். குவிந்த வெயிலின் சூட்டில் அந்தக் கண்ணாடி விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும் தரமான ஃபில்டர் வேண்டும். அது இல்லாமல் சூரியன் பக்கமே திருப்பக் கூடாது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டாவதாக வாங்கியது 130 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள, மேசை மேல் வைக்கும் டாப்சோனியன். அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர் பிரபலமாக்கிய அமைப்பு இது. முக்காலி கிடையாது. வட்டமான மரப்பலகை அடியில் சுழலும், குழாய் மேலும் கீழும் சாயும். கையால் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். 60-ஐவிட இது வாங்கும் ஒளி நான்கரை மடங்குக்கும் மேல். குவியத் தூரம் 650 மில்லிமீட்டர். அதை ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழலின், மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். கூட வந்த 25 ஐபீஸில் 26 மடங்கு, 10 ஐபீஸில் 65 மடங்கு. பிறகு உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் ஒரு பார்லோ லென்ஸ் வாங்கினேன், 130 மடங்கு வரும். பெங்களூரு வானத்தில் அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. மூன்று வருடத்தில் முக்கால்வாசி நேரம் பார்த்தது 26-லும் 65-லும்தான்.

தானாக நட்சத்திரத்தைத் தேடிப் போகும் மோட்டார் வைத்ததையும் யோசித்தோம். குழந்தைகள் காத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரி, அலைன்மென்ட் என்று நேரம் ஓடுவது சரிப்படாது என்று விட்டுவிட்டோம். எது எங்கே இருக்கிறது என்று காட்ட, போனில் ஸ்டெல்லாரியம் என்ற வான வரைபட ஆப் போதும். என்னிடம் இருப்பதை ஒரே ஆளாக ஒரே நடையில் மாடிக்குத் தூக்கிப் போகலாம். இது இத்தனை நாள் புழங்கியதற்கு முதல் காரணம் அதுதான்.

வைக்க இடம் கிடைக்கத்தான் கொஞ்சம் அலைந்தோம். பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தால் பழைய முக்காலி கதைதான். கடைசியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கும் சிமென்ட் திட்டு கைகொடுத்தது. பையனுக்குச் சரியான உயரம், பெரியவர்களுக்கு ஒரு மோடா. ஏப்ரல், மே மாதங்களில் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கக்கும், நிலா தண்ணீருக்குள் இருப்பதுபோல் அலையும். சாயங்காலமே இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால் நன்றாக இருக்கும். டெலஸ்கோப்பையும் அரை மணி முன்னாலேயே வெளியே வைத்துவிட வேண்டும், கண்ணாடி ஆற வேண்டும். அப்புறம், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராத்திரியில் மாடியில் குழாயோடு நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். நாங்கள் சொன்னதும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் "ஆன்ட்டி, நானு நோட்லா?" (நான் பார்க்கட்டுமா?) என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே மேலே வர ஆரம்பித்துவிட்டார்கள்.

வரிசை நீளமானால் ஒரு சங்கடம். பூமி சுற்றுவதால் 65 மடங்கில் ஒன்றரை நிமிடத்தில் கிரகம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விடும். கிரகம் உள்ளே நுழையும் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டால், அவர் பார்க்கப் பார்க்க அது நடுவுக்கு வரும்.

எப்போது எதைப் பார்ப்பது என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்வது அம்மாவின் தினசரி காலண்டர். பௌர்ணமி நிலாவில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கண்தான் கூசும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். "இன்னைக்கு சப்தமிடி, எடுத்துட்டு வா" என்று அம்மாவே சொல்வாள்.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். ஒரு ஏப்ரல் ராத்திரி வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பிடித்து வசிஷ்டர்மேல் திருப்பினேன். 26 மடங்கில் வசிஷ்டரும் அருந்ததியும் ஒரே பார்வைக்குள் வந்தார்கள். 10 ஐபீஸை மாட்டியதும் வசிஷ்டரே இரண்டு நட்சத்திரமாகப் பிரிந்தார். அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "கல்யாணத்தன்னிக்குப் பகல்ல ஐயர் கை காட்டின பக்கம் தலையாட்டினேன், அவ்வளவுதான். இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். கண்புரை ஆபரேஷன் ஆன கண். அந்த ஒரு ராத்திரிக்கே இந்தச் செலவு தகும் என்று எனக்குத் தோன்றியது.

வெறும் நகரத்து வானத்தை வைத்து இதை எடை போடவும் கூடாது. எங்கள் ஊர் திருப்பத்தூர் பக்கம். 2023 பொங்கலுக்கு இதைக் காரின் பின் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுபோனோம். தேய்பிறை, நிலா வர நடுராத்திரி ஆகும். பெங்களூரில் லேசான கறையாகத் தெரியும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம், அங்கே களத்துமேட்டில் இறக்கை விரித்த பறவைபோல் இருந்தது. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தூரம். நிறம் எதுவும் தெரியாது, சாம்பல்தான். போட்டோவில் வரும் சிவப்பும் நீலமும் கண்ணுக்கு வராது என்று குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதே மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் காவலூரில்தான் வேணு பாப்பு வானாய்வகமும் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பும் இருக்கின்றன. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருப்பது பெங்களூரு கோரமங்களாவில். இருட்டைத் தேடி அவர்களே அங்கே போயிருக்கும்போது நாம் போக மாட்டோமா என்றாள் பெண்.

குறைகளும் உண்டு. குழாய் பாதி திறந்த அமைப்பு, தெருவிளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் புகும். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுற்றிக் கட்டினோம், சரியானது. ஃபோகஸர் மரை லொடலொடவென்று ஆடியது. ஹார்டுவேர் கடையில் குழாய்க்குச் சுற்றும் டெஃப்ளான் டேப்பை மரையில் இரண்டு சுற்றுச் சுற்றியதும் ஆட்டம் நின்றது. கார்ப் பயணத்துக்குப் பிறகு கண்ணாடிகள் நேர்க்கோட்டிலிருந்து விலகும், திருகிச் சரிசெய்ய வேண்டும். முதல் ஆறு மாதம் அதைத் தொடவே பயந்தேன். ஐபீஸ் மாட்டும் இடத்து மூடியின் நடுவில் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்துத் திருகப் பழகியதும் பத்து நிமிட வேலைதான். ஜூன் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் மேகம். அந்த மாதங்களில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்காவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை வரும்.

பத்தாயிரத்துக்குள்தான் முடியும் என்றால் டெலஸ்கோப் வேண்டாம், 10x50 பைனாகுலர் வாங்குங்கள். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும்.

வாங்கிய வருடம் மழை விட்டு நவம்பரில்தான் முதன்முதலாகச் சனியைப் பார்த்தோம். வளையம் தனியாக, கத்தரித்து ஒட்டியதுபோல் நின்றது. பையன் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். 2025 நவம்பரில் அதே சனி, அதே 65 மடங்கு. ஆனால் வளையம் ஊசிக்கோடாக மெலிந்துவிட்டது. சனி சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 29 வருடமாகிறது, அதில் இரண்டு முறை வளையத்தின் விளிம்பு மட்டும் நமக்கு நேராக வரும். "யாரு அழிச்சாங்க?" என்று கேட்டவனுக்கு ஒரு தட்டைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். 2032 வாக்கில் மறுபடி நன்றாக விரியும் என்றதும், அப்போது தனக்குப் பதினாறு வயது என்று கணக்குப் போட்டான்.

எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப் வாங்கலாமே என்று கணவர் கேட்கிறார். அது இருபது கிலோவுக்கு மேல், எங்கள் லிஃப்டோ மொட்டை மாடி வரை வராது. இப்போதைக்கு வேண்டாம் என்றேன். இந்த 2026 ஜனவரியில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே, ராத்திரி முழுக்க வானில் இருக்கிறது. பையன் தினமும் எட்டு மணிக்கு அதன் நான்கு நிலாக்களும் இருக்கும் இடத்தை நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறான். நேற்று மூன்றுதான் தெரிந்தன. நான்காவது எங்கே என்று இன்று பார்க்க வேண்டும்.