ரீமேப் பண்ணின டர்போ வண்டில ஓபிடி டாங்கிளும் வைட்பேண்டும்: ரொம்ப நாள் யூஸ் பண்ணினதுல தெரிஞ்சது

செக் இன்ஜின் லைட் எரிஞ்சா உடனே யார்கிட்டயாவது ஸ்கேனர் வாங்கி எரர் கோடை (code) அழிக்கறதுதான் நம்மாளுங்க முதல் வேலை. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கோடை அழிச்சா அது கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் போயிரும், அதாவது கோடு விழுந்த நேரத்துல ஆர்பிஎம் என்ன, லோடு என்ன, கூலன்ட் டெம்பரேச்சர் என்னன்னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பிடிச்சு வச்சிருக்கற மொத்த தகவலும். நிறைய வண்டில ஃப்யூல் ட்ரிம்மும் (ஈசியூ பெட்ரோலை எத்தனை பர்சென்ட் கூட்டி குறைக்குதுங்கற கணக்கு) ஜீரோ ஆயிரும், அப்புறம் எதை வச்சு தேடறது?

என்னோடது சின்ன டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், டைரக்ட் இன்ஜெக்ஷன், கோயமுத்தூர்ல தினமும் ஓட்டறது, எப்பவாவது செட்டிபாளையம் கரி ட்ராக்ல ட்ராக் டே. ரீமேப் (ஈசியூ ப்ரோக்ராமை மாத்தறது), டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வர்ற எக்ஸாஸ்ட் பைப்), டேங்க்குள்ள பெரிய பெட்ரோல் பம்ப், இவ்ளோதான் நான் பண்ணின மாடிஃபிகேஷன். வருஷக்கணக்கா கூடவே இருக்கறது ஓபிடி போர்ட்ல (வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்) சொருகற ஒரு ப்ளூடூத் டாங்கிள், போன்ல ஒரு ஆப், பில்லர்ல ஒரு வைட்பேண்ட் கேஜ் (எக்ஸாஸ்ட்ல சென்சார் வச்சு காத்து-பெட்ரோல் கலவையை காட்டற மீட்டர்), அவ்ளோதான்.

டாங்கிள் பத்தி முதல்ல. ஆயிரம் ரூபாய்க்குள்ள வர்ற ஈஎல்எம்327 க்ளோன் கோடு படிக்க ஓகே, லாக் (ஓட்டும்போது ரீடிங்கை தொடர்ந்து பதியறது) எடுக்க வேஸ்ட். ஒரே நேரத்துல பத்து ரீடிங் கேட்டா திணறுது, ஃபுல் த்ராட்டில்ல ஒரு கியர் இழுத்து முடிக்கறதுக்குள்ள நாலஞ்சு பாயின்ட் தான் கிடைக்கும், அதுக்கு நடுவுல ப்ரஷர் விழுந்து எழுந்திருச்சா உங்களுக்கு தெரியவே தெரியாது. கொஞ்சம் காசு போட்டு நல்லதா வாங்கினேன், அப்பவும் ஒரு ரன்னுக்கு மூணு நாலு ரீடிங் மட்டும்தான் கேப்பேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டவுன்பைப் போட்டு கொஞ்ச நாள்ல பி0171, லீன் கோடு, அதாவது கலவைல காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். வொர்க்ஷாப்ல "தம்பி, ஓ2 சென்சார் போயிருச்சு, மாத்திரலாம்"னு சொன்னாங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் மாஃப் சென்சாரை (உள்ள போற காத்தோட அளவை பார்க்கறது) க்ளீன் பண்ணுடாங்கறான், என் வண்டில மாஃபே கிடையாது, மேனிஃபோல்டு ப்ரஷரை அளக்கற மேப் சென்சார்தான்! லாக் எடுத்து பார்த்தா ஐடில்ல லாங் டெர்ம் ட்ரிம் +14 கிட்ட நிக்குது, 2500 ஆர்பிஎம் பிடிச்சா +4க்கு இறங்கிருது. மாஃப் வண்டியா இருந்தா இது அப்படியே வேக்யூம் லீக்கோட கையெழுத்து. ஆனா மேப் வண்டில த்ராட்டிலுக்கு அப்புறம் காத்து உள்ள வந்தா மேனிஃபோல்டு ப்ரஷரும் ஏறும், ஈசியூ அதை பார்த்து அதுக்கேத்த பெட்ரோலை குடுத்துரும், ஐடில் ஏறுமே தவிர ட்ரிம் இவ்ளோ போகாது. என் ஐடிலோ அசையாம நிக்குது. அப்ப காத்து இன்டேக் பக்கம் வரல, எக்ஸாஸ்ட் பக்கம் வருது.

காலைல குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி பானட்டை திறந்து காது வச்சா டிக் டிக்னு சன்னமா ஒரு சத்தம், ரெண்டு நிமிஷத்துல இரும்பு சூடாகி விரிஞ்சதும் நின்னுருது. டார்ச் அடிச்சு பார்த்தா டர்போவும் டவுன்பைப்பும் சேர்ற ஃப்ளேஞ்ச்ல ஒரு போல்ட்டை சுத்தி மட்டும் விசிறி மாதிரி கரி. ஐடில்ல எக்ஸாஸ்ட் விட்டு விட்டு வர்றதால அந்த இடைவெளில வெளிக்காத்தை உள்ள இழுக்குது, சென்சார் அந்த ஆக்ஸிஜனை பார்த்து லீன்னு சொல்லுது. சென்சார் சொன்னது நிஜம்தாங்க. கேஸ்கட் மாத்தி ஃப்ளேஞ்சை லெவல் பண்ணினதும் ட்ரிம் தானா இறங்கிருச்சு. அந்த ஓ2 சென்சார் இன்னும் ஓடுது.

மிஸ்ஃபயரும் இதே மாதிரிதான் ஏமாத்தும், எரியாத சிலிண்டர்ல இருந்து ஆக்ஸிஜன் அப்படியே வெளிய வர்றதால லீன் மாதிரி காட்டும். பூஸ்ட் (டர்போ ப்ரஷர்) ஏத்தினவங்க ஸ்பார்க் ப்ளக் முனைல இருக்கற இடைவெளியை ஒருவாட்டி செக் பண்ணிக்கங்க.

அடுத்தது பி0087, இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கற ரெயில் பைப்ல ப்ரஷர் கம்மி. நாலாவது கியர்ல ஃபுல் த்ராட்டில், 4500க்கு மேல டார்கெட் 150 பார், நிஜத்துல 110க்கு கீழ. ஹை ப்ரஷர் பம்ப் போச்சுன்னு கொட்டேஷன் வந்துச்சு, அந்த தொகையை இங்க எழுத மனசு வரல. ஹை ப்ரஷர் பம்புக்கு சோறு போடறது டேங்க்ல இருக்கற பம்ப், அதை பார்க்காம மேல இருக்கறதை மாத்தி என்ன புண்ணியம்? மல்டிமீட்டரை பம்ப் கனெக்டர்ல வச்சு லோடு குடுத்து பார்த்தா பேட்டரில 13.9 வோல்ட், பம்ப்ல 11.3. பெரிய பம்ப் கரன்ட்டை அதிகமா இழுக்குது, வயர் பழைய சைஸ், கனெக்டர்ல ஒரு பின் பழுப்பா உருகி ப்ளாஸ்டிக்கோட ஒட்டிக்கிடக்கு. பேட்டரில இருந்து தனி ரிலே, ஃப்யூஸ், தடிமனான வயர், நல்ல எர்த் போட்டதும் கோடு திரும்ப வரல. (பம்புக்கு தனி கன்ட்ரோல் மாட்யூல் இருக்கற வண்டில சாதா மீட்டர் ரீடிங்கை நம்பாதீங்க, அது பல்ஸ்ல ஓட்டுது.)

இதுல ஈ20யும் (20 பர்சென்ட் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஒரு காரணம். ஒரு கிலோ பெட்ரோல் சரியா எரிய ஈ10க்கு (10 பர்சென்ட் எத்தனால்) 14.1 கிலோ கிட்ட காத்து வேணும், ஈ20க்கு 13.5 கிட்ட, ஆக அதே பவருக்கு நாலு பர்சென்ட் போல கூட பெட்ரோல் தள்ளணும், ஓரத்துல நின்ன பம்ப் அங்கதான் மூச்சு வாங்கும். ட்ரிம்ல +3, +4 ஏறினதுக்கெல்லாம் வண்டி கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க.

வைட்பேண்டை லாம்டால (எந்த பெட்ரோலா இருந்தாலும் சரியான கலவைன்னா 1) வச்சு பாருங்க, ஏஎஃப்ஆர்ல (காத்து-பெட்ரோல் விகிதம்) வேண்டாம், எத்தனால் கலந்த பெட்ரோல்ல அந்த நம்பர் குழப்பும். கேஜ் கெட்டுப்போனா ஃப்யூஸை பிடுங்கிட்டு சென்சாரை பைப்லயே விட்டு ஓட்டவும் கூடாது, ஹீட்டர் இல்லாம கரி ஏறி செத்துரும். எல்எஸ்யூ 4.9 (வைட்பேண்ட் சென்சார் மாடல்) புதுசா வாங்கினா அதோட விலை பர்ஸ்ல தெரியும்.

டாங்கிளை நைட்டு கழட்டி வைங்க, ஓபிடி போர்ட்ல 16வது பின் சாவி எடுத்தாலும் லைவ்தான், ஊருக்கு போயிட்டு ரொம்ப நாள் கழிச்சு வந்தா பேட்டரி படுத்திருக்கலாம்.