விதை அனுப்ப பாறசாலை நர்சரி: நாலு ஸ்டார்

ஜெர்மனியில் இருக்கும் தங்கச்சிக்கு நம்மூர் விதை அனுப்ப நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்தத் தடவை பாறசாலையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு நர்சரியில் கொடுத்தேன். பேப்பர் வேலை, பரிசோதனைக்குக் கொண்டுபோவது, பேக்கிங் எல்லாம் அவர்களே பார்க்கிறார்கள். களியக்காவிளை, குழித்துறை பக்கம் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் போன வருடக் கதை. ஒரு கூரியர் கடையில், "அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை, மசாலா சாமான் என்று எழுதிவிடலாம்" என்று சொல்லி 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பார்சல் அங்கே சுங்கத்தில் மாட்டியது, தங்கச்சிக்குக் கடிதம் போனது, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அம்மா வருடா வருடம் சாம்பல் புரட்டி எடுத்து வைக்கும் புடலை விதை அதில் இருந்தது, பணம் போனதுகூடப் பரவாயில்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. நடுகிற விதையோ செடியோ எதுவானாலும் ஐரோப்பிய யூனியனுக்குள் போக 2019 டிசம்பர் 14 முதல் பைட்டோசானிட்டரி சான்றிதழ், அதாவது பூச்சியும் நோயும் இல்லை என்று அரசு பரிசோதித்துத் தரும் சான்று, கட்டாயம். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம், இந்த ஐந்து பழங்களுக்குத்தான் விலக்கு. தெரியாது என்றால் தெரியாது என்று அந்தக் கடையில் சொல்லியிருக்கலாம்.

பாறசாலை நர்சரிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தங்கச்சி கேட்ட பட்டியலை நீட்டினேன். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, பேனாவை எடுத்து முதலில் பிச்சியை அடித்தார். "இது போகாது பிள்ளே. எவ்வளவு பைசா தந்தாலும் போகாது." பிச்சி, மல்லி, முல்லை எல்லாமே ஜாஸ்மினம் பேரினம். ஐரோப்பா அதிக ஆபத்துள்ள செடிகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் ஜாஸ்மினம் இருக்கிறது, அரளியும் இருக்கிறது, சீத்தாவும் இருக்கிறது. அவற்றோடு என்ன பூச்சி, என்ன நோய் வரும் என்று அவர்கள் ஆராய்ந்து முடிக்கும்வரை செடியாக உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் கருவேப்பிலைக் கன்றை அடித்தார். அதில் உட்காரும் சின்ன சைலிட் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்பும், அதனால் அந்தக் கன்றுக்கு வழியே இல்லை. காந்தாரி மிளகாய் விதையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். மிளகாய், தக்காளி விதைக்குத் தக்காளிப் பழச் சுருக்க வைரஸ் இல்லை என்று லேப் பரிசோதனை வேண்டும், பத்துக் கிராம் விதைக்கு அந்தச் செலவு எதற்கு என்று அதையும் விட்டுவிடச் சொன்னார். மிஞ்சியது புடலை, பீர்க்கன், முருங்கை, அவரை.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் காசு வாங்கும் முன்னால் இப்படிச் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

பின்னால் ஷெட்டில் துபாய்க்குப் போகும் குரோட்டன் செடிகளுக்கு நாலு அக்காமார் வேர் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்று தொட்டி வரிசையாக இருக்கிறது. முதல் தொட்டியில் மண் கரையும், இரண்டாவதில் பழைய டூத் பிரஷ் வைத்து வேர் இடுக்கெல்லாம் தேய்க்கிறார்கள், மூன்றாவதில் அலசி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஒரு அக்கா ஒரே செடியை மூன்று தடவை திரும்பவும் இரண்டாம் தொட்டிக்கே அனுப்பினார். "மண்ணுல நூற்புழு இருக்கும் மோளே, கண்ணுக்குத் தெரியாது" என்றார். அந்தக் கவனத்துக்கே ஒரு ஸ்டார் தரலாம்.

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, திருவனந்தபுரத்தில் இருக்கும் மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு விதையைக் கொண்டுபோன அன்று நானும் கூடப் போனேன். அதிகாரி ஒவ்வொரு பாக்கெட்டையும் வெள்ளைத் தட்டில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். புடலை, பீர்க்கன், முருங்கை சரி. அவரையில் ஒரு விதையை மட்டும் தனியாக எடுத்தார். குண்டூசித் தலை அளவில் வட்டமாக ஒரு ஓட்டை. பக்கத்தில் இன்னொரு விதை, வெளியே முழுசாக இருக்கிறது, ஆனால் தோலில் ஒரு இடம் மட்டும் ஜன்னல் மாதிரி மங்கலாகத் தெரிகிறது. அதைக் கீறினார், உள்ளே பழுப்பாக ஒரு வண்டு காலை அசைத்தது. வயலில் காய் நிற்கும்போதே முட்டை வைத்துவிடுமாம், புழு விதைக்குள்ளேயே வளர்ந்து வண்டாகி வெளியே வருமாம். நான் அந்த விதையை வீட்டில் இரண்டு தடவை புடைத்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. அந்தப் பாக்கெட் நிராகரிக்கப்பட்டது, அதுதான் நியாயமும். இப்படி ஒரு வண்டு இன்னொரு நாட்டுப் பயிரில் போய் விழக்கூடாது என்றுதானே இத்தனை ஏற்பாடும்.

சான்றிதழில் செடியின் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். எழுத்து மாறினால் அங்கே நிறுத்திவிடுவார்கள் என்று புடலையின் பெயரான ட்ரைக்கோசாந்தஸ் குக்குமெரினாவை நர்சரிக்காரர் மூன்று தடவை சரிபார்த்தார். அசல் பிரதி பார்சலோடே போக வேண்டும். சான்றிதழ் கொடுத்த 14 நாளுக்குள் சரக்கு இந்தியாவை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. இங்கேதான் அந்த ஒரு ஸ்டார் போனது. சான்றிதழ் கைக்கு வந்தபிறகு நர்சரியில் ஒன்பது நாள் பார்சலை அங்கேயே வைத்திருந்தார்கள், போன் அடித்தால் எடுக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் பஸ் ஏறிப் போய் நேரில் நின்றுதான் அனுப்ப வைத்தேன். "கல்யாண சீசன் பிள்ளே, செடி வேலை கூடிப்போச்சு" என்று வருத்தப்பட்டார், நானும் மேற்கொண்டு பேசவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. அரசுக் கட்டணத்துக்குத் தனி ரசீது, அவர்களுக்கு 1,800 ரூபாய். அவரைக்குப் பைசா பிடிக்கவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கச்சி வீட்டு ஜன்னல் ஓரத்தில் புடலை ஏழு முளைத்து நிற்கிறது, அம்மாவுக்கு வீடியோவில் காட்டினாள்.

அங்கே போகிறவர்கள் பட்டியலை மட்டும் முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள், விதையை அப்புறம் எடுத்துப் போகலாம். ஆர்க்கிட் அனுப்புவதாக இருந்தால் சைட்டீஸ் பேப்பர், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தப்படி வாங்கும் அனுமதி, தனியாக வேண்டும், அதற்கு நாள் கூடுதல் ஆகும் என்றார் நர்சரிக்காரர். பயறு, அவரை மாதிரி விதை என்றால் வெள்ளைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், அந்த மங்கலான ஜன்னல் கண்ணில் பட்டால் அந்த டப்பாவையே எடுக்காதீர்கள்.