முக்காலியின் மேல் ஐ.எஸ்.: ஓடட்டுமா, நிற்கட்டுமா?

சென்ற கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் கேமரா முக்காலியை நிறுத்தி, தெருக்கோடியில் இருக்கும் கோயில் கோபுரத்தை 400 மி.மீ. ஜூமில், 8 நொடி ஷட்டரில் எடுத்தேன். அதே இடத்திலிருந்து, அதே லென்ஸால், முழுநிலவையும் 1/125 நொடியில் எடுத்தேன். கணினியில் பார்த்தபோது நிலவின் குழிகள் ஊசிமுனைபோலத் தெளிவாக இருந்தன. கோபுரத்துச் சுதைப் பொம்மைகளின் விளிம்புகளோ இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. காற்றைக் குறை சொன்னேன், ஃபோகஸைக் குறை சொன்னேன். லென்ஸின் பக்கவாட்டில் 'ஆன்' நிலையிலேயே இருந்த ஐ.எஸ். (இமேஜ் ஸ்டெபிலைசேஷன்) எனப்படும் அசைவுத் தணிப்பின் சுவிட்ச் கண்ணில் பட்டது மறுநாள்தான். அதன் பிறகு அதை ஓட விடுவது, அணைப்பது என்ற இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, முக்காலியில் பூட்டினால் அணைத்துவிடுவது என்ற பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஓட விடுவோர் சொல்லும் காரணங்கள் எளியவை: ஒவ்வொரு முறையும் சுவிட்சைத் தேட வேண்டாம், காற்றுக்கும் தரை அதிர்வுக்கும் ஒரு காப்பு கிடைக்கும். அணைப்போருக்கோ பேட்டரி மிச்சமாகும், படச் சட்டகம் வைத்த இடத்தில் நிற்கும். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இவற்றை வைத்து எந்தப் பக்கமும் முடிவுக்கு வர முடியாது.

முடிவுக்கு வர, அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் இருக்கும் கைரோ உணரிகள், லென்ஸ் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று அளக்கின்றன. அந்த அளவுக்கு ஏற்ப, ஒரு கண்ணாடித் தொகுதியை மின்காந்தங்கள் எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. அணைத்தால் அத்தொகுதி நடுவில் பூட்டிக்கொள்ளும். 'டிக்' என்ற ஓசையே கேட்கும். இது மனிதக் கையின் நடுக்கத்துக்காக, அதாவது நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மிகாத ஆட்டத்துக்காகக் கட்டப்பட்ட ஏற்பாடு. கேமரா உண்மையிலேயே அசையாமல் இருக்கும்போதும் உணரியின் வாசிப்பு துல்லியமாகப் பூச்சியத்தில் நிற்பதில்லை. மெல்ல நழுவிக்கொண்டே இருக்கும். இல்லாத அந்த அசைவையும் இருப்பதாக எண்ணிக் கண்ணாடித் தொகுதி திருத்தப் புறப்படும்போது, அதன் நகர்வு தரும் நுண்ணதிர்வே சில லென்ஸ்களில் உணரிக்குத் திரும்பிப் போய், இன்னொரு திருத்தத்தைக் கிளப்பிவிடும்.

ஆகவே என் பார்வையில் வழக்கைத் தீர்ப்பது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஒன்றே. 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சரில் (படத்தைப் பதியும் சில்லு) ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 4 மைக்ரான். 400 மி.மீ. லென்ஸில் படம் ஒரு பிக்சல் நகர்வதற்கு, ஒரு பாகையில் 1,800-ல் ஒரு பங்கு கோணம் மாறினால் போதும். நழுவல் நொடிக்கு ஒரு பிக்சல் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1/125 நொடியில் அது ஒன்றுமே இல்லை. 1/4 நொடியில் கால் பிக்சல், யாரும் காண மாட்டார்கள். 8 நொடியில் எட்டுப் பிக்சல், 30 நொடியில் முப்பது. கோபுரம் கலங்கி நிலவு தெளிந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. (நிலவை நீண்ட ஷட்டரில் எடுத்து இதைச் சோதிக்க முயல வேண்டாம்: பூமியின் சுழற்சியாலேயே நிலவு இந்த லென்ஸில் நொடிக்கு ஏழு பிக்சல் அளவுக்கு ஓடிவிடும்.) அதே கோண நழுவல் 24 மி.மீ. லென்ஸில் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கி, 30 நொடிக்குப் பின்னும் இரண்டு பிக்சலைத் தாண்டாது. அகலக்கோண லென்ஸால் இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் 'நான் அணைப்பதே இல்லை, ஒன்றும் ஆனதில்லை' என்று சொல்வதும் பொய்யில்லை. அவர்கள் லென்ஸில் அந்தத் தவறு தெரிவதற்கு இடமே இல்லை.

காற்றின் மேல் இருந்த சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள, கூடத்தின் ஒரு சுவரில் தினசரிக் காலண்டர் தாளை ஒட்டி, மறுகோடியில் சிமென்ட் தரையில் முக்காலியை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தேன். ராகுகாலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரிகளைவிட நல்ல சோதனை அட்டை வீட்டில் கிடைக்காது. 1/500 நொடியில் இரண்டு முறைக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. 1/8 நொடி வாக்கில் இரண்டுமே சற்று மங்கின. அது ஷட்டர் திறக்குமுன் கேமராவுக்குள் மிரர் எழும்பும் அதிர்ச்சி, மிரரை முன்பே தூக்கி வைத்துத் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவுக்கு மாறியதும் மறைந்துவிட்டது. ஒரு நொடியைத் தாண்டியதும்தான் பாதை பிரிந்தது. அணைத்து எடுத்தவை யாவும் ஒரே மாதிரி கூர்மையாக இருக்க, ஓடவிட்டு எடுத்தவற்றில் சில கூர்மையாகவும் சில கலங்கியும் வந்தன. எப்போதுமே கலங்கினால் அன்றே பிடித்திருப்பேன். சில வேளை மட்டும் கலங்குவதால்தான் இந்தக் குறை இத்தனை ஆண்டுகள் ஒளிந்திருந்தது.

என்னுடையது பழைய லென்ஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995-ல் கேனான் 75-300 மி.மீ. ஜூமில் ஐ.எஸ்.-ஐ முதன்முதலில் எஸ்.எல்.ஆர். (மிரர் வைத்த கேமரா) லென்ஸுக்குள் கொண்டுவந்தபோது, முக்காலியை அறியும் திறன் அதற்கு இருக்கவில்லை. 1999-ல் வந்த 300 மி.மீ. எஃப்/2.8 முதலான பெரிய லென்ஸ்களில்தான், அசைவே இல்லாததை உணர்ந்து தன் போக்கை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு சேர்ந்தது. அத்தகைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கையேட்டில் சொன்னபடி ஓட விடலாம். சென்சரையே அசைக்கும் மிரர்லெஸ் கேமராவை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு மாலை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன்; நீண்ட ஷட்டரில் அதையும் அணைத்தே எடுத்தேன் என்றாலும், இரண்டு மாலை அனுபவத்தை வைத்து அடித்துப் பேச மாட்டேன்.

ஓட விடும் பக்கம் என்னையே வெல்லும் ஓர் இடம் உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கிம்பல் ஹெட்டை (கனத்த லென்ஸை எளிதாகத் திருப்ப உதவும் முக்காலித் தலை) தளர்த்தி வைத்து, இறங்கும் கூழைக்கடாவைத் தொடரும்போது முக்காலி பாரத்தைத்தான் தாங்குகிறது. லென்ஸைத் திருப்புவது என் கை. கை பட்டால் கை நடுக்கமும் உண்டு. ஷட்டரும் 1/1000 நொடிக்கு அருகில் இருப்பதால் நழுவலுக்கு நேரமில்லை, வியூஃபைண்டரில் பறவை ஆடாமல் நிற்பது பெரிய உதவி. அங்கே பக்கவாட்டுத் தொடர்ச்சிக்கான இரண்டாம் முறையில் வைத்து ஓட விடுகிறேன். பார்வைக் கோபுரத்தில் ஆட்கள் ஏறி இறங்கித் தளம் அதிரும்போதும் அப்படியே.

அணைப்பதற்கு நான் கொடுக்கும் விலை மறதி. இரவில் அணைத்த சுவிட்சை மறுநாள் காலை கையில் பிடித்து எடுக்கும்போது மறந்து, ஒரு மீன்கொத்தியை முழுக்க இழந்திருக்கிறேன். இப்போது ஹெட்டின் திருகை இறுக்கும் அதே கையால் சுவிட்சை அணைப்பதும், திருகைத் தளர்த்தும்போது அதை மீண்டும் போடுவதும் பழக்கமாகி வருகின்றன. இதுவரை இரண்டு முறைதான் தவறியிருக்கிறேன்.