இண்டியானபோலிஸ் கப்பல் உறை என்று விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

போர்க்காலக் கடற்படைத் தபால் உறைகள் சேர்க்கும் நண்பர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 'யுஎஸ்எஸ் இண்டியானபோலிஸ் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர்க்கப்பல்), 1945 ஜூலை 26, தணிக்கை முத்திரையுடன், அசல்' என்று விளம்பரம் போட்ட வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், என்னிடம் 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு போலியைத் தலையில் கட்டிவிட்டார். இதே ரகத்தில் அவரிடம் இன்னும் பல உறைகள் விற்பனைக்குக் கிடக்கின்றன.

அந்தத் தேதிக்கு ஏன் அவ்வளவு விலை என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும். ஹிரோஷிமா அணுகுண்டின் பாகங்களைப் பசிபிக் கடலிலுள்ள டினியன் தீவில் இண்டியானபோலிஸ் இறக்கிய நாள் அது. நான்கே நாளில், ஜூலை 30 நள்ளிரவு தாண்டியதும், ஜப்பானின் ஐ-58 நீர்மூழ்கி அதைத் தாக்கியது. 12 நிமிடத்தில் கப்பல் மூழ்கிப்போனது. இருந்த 1,195 பேரில் பிழைத்தவர்கள் 316 பேர்தான். அந்தக் கடைசி வாரத்தில் கப்பலிலிருந்து போன ஒரு கடிதம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

விளம்பரப் படத்தில் உறையின் இடப்பாதி மட்டும்தான் இருந்தது. முழுப் படம் கேட்டேன். 'நிபுணர் பார்த்துச் சான்று கொடுத்தது, பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ்' என்று எழுத்தில் உறுதி கொடுத்தார்.

வந்த உறையில், கடிதத்தை அதிகாரி படித்துப் பார்த்ததற்கு அடையாளமான தணிக்கை முத்திரையே இல்லை. வட்ட முத்திரையில் கப்பலின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அமெரிக்கக் கடற்படை தபால் முத்திரைகளிலிருந்து கப்பல் பெயர்களை எடுத்துவிட்டது. போர் முடியும்வரை பொதுவாக 'யு.எஸ். நேவி' என்று மட்டும்தான் இருக்கும். இடப்பக்கத்தில் அச்சிட்ட படத்துக்குக் கீழே 'டினியன்' என்று வேறு போட்டிருக்கிறது. அணுகுண்டுப் பாகங்கள் இருந்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கப்பலின் கேப்டனுக்கே சொல்லாத ரகசியப் பயணம் அது! ஊர் பெயரை அச்சடித்து உறை அனுப்ப எந்தத் தணிக்கை அதிகாரி விடுவார்?

தபால் தலையைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீல நிறத்தில், வெள்ளைச் சீருடை மாலுமிகள் நிற்கும் 3 சென்ட் கடற்படைத் தலை. அது வெளியானதே 1945 அக்டோபர் 27. அதற்குள் கப்பல் கடலடியில் கிடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

இதற்கு மேலும் சந்தேகம் வேண்டாம் என்று, ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் உறைமேல் அடித்தேன். நீலம் போட்டு வெளுத்த வேட்டி போல உறை மினுங்கியது. காகிதத்தில் அப்படி வெண்மையூட்டும் ரசாயனம் கலப்பது போருக்குப் பிறகு வந்த பழக்கம். என்னிடமுள்ள 1930களின் உறைகளை அதே டார்ச்சில் பார்த்தால் மங்கலாகத்தான் தெரிகின்றன.

எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பினேன். 'கப்பலின் தபால் குமாஸ்தா நண்பருக்காகப் பழைய முத்திரையைக் குத்தியிருப்பார்' என்று முதலில் பதில் வந்தது. தபால் தலை வெளியான தேதியைச் சொன்னதும், 'இருக்கிறபடியே விற்றது, வாபஸ் கிடையாது' என்று மாற்றிப் பேசினார். பிறகு பதிலே இல்லை. அந்தச் 'சான்றிதழ்' அவரே கம்ப்யூட்டரில் அடித்தது, நிபுணர் பெயரோ அமைப்பின் பெயரோ அதில் இல்லை. அமெரிக்கன் ஃபிலாட்டலிக் சொசைட்டி (அமெரிக்கத் தபால் தலை சேகரிப்பாளர் சங்கம்) போன்ற அமைப்புகள் தரும் சான்றில் உறையின் படமும் எண்ணும் இருக்கும்.

அவருடைய மற்ற விளம்பரங்களைத் துழாவினேன். 1942 மார்ச் 1 அன்று இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஹூஸ்டனின் பெயரில், 1942 பிப்ரவரி தேதியிட்ட ஓர் உறை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண்டில் வரும் '4' என்ற எண்ணின் கால், என் உறையில் உடைந்திருக்கும் அதே இடத்தில் உடைந்திருக்கிறது. இரண்டு கப்பல், மூன்று ஆண்டு இடைவெளி, ஒரே உடைந்த அச்சு. ஒருவரே வீட்டில் உட்கார்ந்து குத்துகிறார் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அசல் போர்க்கால உறை பெரும்பாலும் எளிமையாகத்தான் இருக்கும். கப்பலின் பெயர் முத்திரையில் இருக்காது, மூலையில் அனுப்புநர் கைப்பட எழுதிய முகவரியில் இருக்கும், கூடவே 'ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், சான் பிரான்சிஸ்கோ' (கடற்படைக்கான தபால் நிலையம்) என்று. வீரர்களின் சாதாரணக் கடிதங்களுக்கு 1942 ஏப்ரல் முதல் தபால் கட்டணம் இல்லை என்பதால், தலை ஒட்டுமிடத்தில் 'ஃப்ரீ' என்று எழுதியிருப்பார்கள். தணிக்கை முத்திரையில் அதிகாரியின் கையெழுத்தோ பெயரின் முதலெழுத்துகளோ இருக்கும். கப்பல் பெயர் போட்ட முத்திரைதான் வேண்டும் என்றால் போருக்கு முந்திய உறைகளை வாங்குங்கள். 1936இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைத் தென் அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றதும் இதே இண்டியானபோலிஸ்தான். 1930களில் சேகரிப்பாளர்கள் சுயவிலாசமிட்ட உறைகளைக் கப்பல்களுக்கு அனுப்பி முத்திரை வாங்கிய பழக்கம் பரவலாக இருந்ததால், அந்தக் காலத்து உறைகள் நியாயமான விலைக்கே கிடைக்கும்.

இரண்டு பக்கத்தின் முழுப் படமும் வராமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். கார்டு வழியாகக் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை உறையைத் தொடப்போவதில்லை. விற்றவர் உறையைத் திருப்பிக் கேட்காவிட்டால், பின்பக்கம் அழியாத மையில் 'போலி' என்று எழுதிவிடுவேன். என் கையிலிருந்து அது இன்னொரு சந்தைக்குப் போகாது.