சி-கேர்ள், ஹஷ் கட், வுல்ஃப் கட்: யாழ்ப்பாணத்தில் எந்த முகத்துக்கு எந்தக் கொரிய லேயர்?

யாழ்ப்பாணத்துப் பெண்கள் பார்லர்களில் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி "கொரியன் லேயர்" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முடியைப் பல நீளங்களில் அடுக்கடுக்காக வெட்டுவதுதான் லேயர். கொரியன் லேயர் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு வெட்டுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்று எடுப்பாகக் காட்டும் அதே முகத்தை மற்றொன்று தேவையில்லாமல் அகலமாகவோ நீளமாகவோ காட்டிவிடக்கூடும். கத்தரி வைக்கப்படும் முன் அது மூன்றில் எந்த வெட்டு என்று தெளிவாகப் பேசிக்கொள்ளாததால்தான் பலர் வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்து மனம் வாடுகிறார்கள்.

முதலாவது, நீண்ட லேயரின் நுனிகளைக் கழுத்தை நோக்கி உள்ளே C எழுத்துப்போல வளைத்துவிடும் சி-கேர்ள் (C-curl). இதில் மிகக் குட்டையான லேயர் பெரும்பாலும் நாடிக்குக் கீழேதான் தொடங்கும், நுனிகள் அடர்த்தியாகவே இருக்கும், உச்சந்தலை தட்டையாக விடப்படும். இரண்டாவதான ஹஷ் கட்டில் லேயர்கள் கன்னத்தின் அருகிலிருந்தே தொடங்கி, கீழே போகப் போக நுனிகள் மெலிந்து கழுத்தை ஒட்டி வெளிப்புறமாகச் சற்றே விலகி நிற்கும். மூன்றாவதான வுல்ஃப் கட், 1970களின் ஷாக், மல்லெற் என்ற இரண்டு பழைய வெட்டுகளைக் கலந்தது. 2020, 2021 காலப்பகுதியில் டிக்டொக் வழியாக உலகெங்கும் பரவிய இந்த வெட்டில் உச்சியில் குட்டை லேயர்கள் குவிந்து தலை மேலே எழும்பியும், பிடரியில் நீளம் மெலிந்து தொங்கியும் இருக்கும். ஆகவே மூன்றையும் ஒப்பிடுகையில் பார்க்கவேண்டியவை மூன்று: முதல் லேயர் முகத்தில் எந்த இடத்தில் விழுகிறது, கனம் எங்கே சேர்கிறது, உச்சி எழும்புகிறதா இல்லையா.

முகவடிவத்தை அறிய, முடியை முழுவதும் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு, தையல் நாடாவால் நெற்றியின் அகலம், கன்ன எலும்புகளுக்கிடையிலான அகலம், தாடை மூலைகளுக்கிடையிலான அகலம், நெற்றி முடிக்கோட்டிலிருந்து நாடி வரையிலான நீளம் ஆகிய நான்கையும் அளந்தால் போதும். நீளம் கன்ன எலும்புகளின் அகலத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தால் அது நீள்வட்ட முகம். அதைவிடத் தெளிவாக அதிகமென்றால் நீள முகம். நீளமும் அகலமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்து தாடை வளைந்திருந்தால் வட்டம், தாடை மூலை கூராகத் தெரிந்தால் சதுரம். நெற்றி அகன்று நாடி ஒடுங்கினால் இதய வடிவம். கன்ன எலும்பு மட்டும் அகன்று நெற்றியும் நாடியும் ஒடுங்கினால் வைர வடிவம். பலருக்கு இரண்டு வடிவங்கள் கலந்தே இருக்கும். அப்போது கண்ணாடியில் முதலில் கண்ணில் படும் அகலத்தை வைத்து முடிவெடுப்பது நல்லது.

வட்ட முகத்துக்குத்தான் இந்த மூன்று வெட்டுகளும் மிகத் தெளிவாகப் போட்டியிடுகின்றன. சி-கேர்ளின் வளைவு நாடி மட்டத்தில் வந்து நின்றால், கன்னத்தின் வளைவோடு முடியின் வளைவும் சேர்ந்து முகம் இன்னும் அகலமாகத் தெரியும். அதே சி-கேர்ளைத் தோள் எலும்புக்குக் கீழே இறக்கி, முன்புற லேயரையும் நாடிக்கு இரண்டு விரல் கீழே தொடங்கினால் அந்தக் குறை நீங்கிவிடும். ஹஷ் கட் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது: கன்னத்தின் வெளி ஓரத்தின் மேல் மெலிந்த இழைகள் செங்குத்தாக விழுவதால் முகத்தின் அகலத்தில் ஒரு பகுதி மறைந்து, நடுவில் நீளம் தெரிகிறது. வட்ட முகத்துக்கு நேராக நல்லது ஹஷ் கட்தான் என்பது என் எண்ணம். வுல்ஃப் கட் உச்சியை எழுப்பி நீளம் கூட்டுவது உண்மை. ஆனால் அதன் குட்டை லேயர்கள் காதோரத்தில் பக்கவாட்டாக விரிந்துவிட்டால் கூட்டிய நீளம் அத்தனையும் வீணாகும், நமது காற்றில் அவை விரியாமல் இருப்பது அரிது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. கொரிய முடிவெட்டு அறிவுரைகளில் பெரும்பாலானவை முகத்தைச் சிறியதாகவும் நாடியை ஒடுக்கமாகவும் காட்டுவதையே இலக்காகக் கொண்டவை. நிறைந்த கன்னங்களை மங்களமாகக் கருதி வந்த ஊரில் அந்த இலக்கை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வட்ட முகத்தை வட்டமாகவே காட்ட விரும்பும் ஒருவருக்கு நாடி மட்டத்துச் சி-கேர்ள் பிழையான தேர்வாகாது.

நீள முகத்துக்கு நிலைமை தலைகீழாகிறது. வட்ட முகத்துக்கு உதவிய ஹஷ் கட்டின் செங்குத்து இழைகள் இங்கே முகத்தை மேலும் இழுத்துவிடும். வுல்ஃப் கட்டின் எழும்பிய உச்சி இன்னும் மோசம். கன்னத்துக்கும் தாடைக்கும் அருகே கனம் சேர்த்து, உச்சியைத் தட்டையாக விட்டு, நெற்றியில் மெல்லிய பாங்ஸ் (நெற்றியின் மேல் விழும்படி வெட்டிய முன்முடி) விடும் சி-கேர்ள்தான் நீள முகத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும். தோள்வரையிலான நீளம் இதற்கு மிகப் பொருந்தும். இடுப்புவரை நீண்ட கூந்தலில் அதன் பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

சதுர முகத்தில் ஒரே விதிதான்: எந்த வெட்டாக இருந்தாலும் லேயரின் நுனி தாடை மூலையில் வந்து நிற்கக்கூடாது, ஏனெனில் கண் அந்த இடத்துக்கே போகும். மூலைக்கு மேலே கன்னத்தில் தொடங்கி மூலையைத் தாண்டி மூன்று, நான்கு சென்ரிமீற்றர் கீழே மெலியும் ஹஷ் கட் இதற்கு ஏற்றது. இதய வடிவத்துக்கு நாடியருகே அகலம் தேவைப்படுவதால் சி-கேர்ளும், நடுவில் பிரிந்து இருபுறமும் விழும் பாங்ஸும் பொருந்தும். வைர வடிவத்துக்கு, கன்ன எலும்பை மூடும் இழைகளும் நெற்றியை நிரப்பும் பாங்ஸும் வேண்டும், இரண்டையும் ஹஷ் கட் தரும். நீள்வட்ட முகத்தார் மூன்றில் எதையும் எடுக்கலாம். அவர்களுக்கு முடியின் தன்மைதான் முடிவு சொல்லவேண்டும்.

முகவடிவத்தைவிட முடியின் தன்மைக்கே நான் கூடுதல் கனம் கொடுப்பேன். கொரியர்களின் தலைமுடி பெரும்பாலும் தடித்தது, நேரானது. ஹஷ் கட் அத்தகைய முடிக்காகவே உருவான வெட்டு, ஆகவே அதன் கனத்தைக் குறைக்கப் பல்லுக் கத்தரியையோ சவரக் கத்தியையோ தாராளமாகப் பயன்படுத்துவார்கள். நம்மவர்களிடம் நேர் முடியும் உண்டு, அலையலையான முடியும் உண்டு, நன்றாகச் சுருண்ட முடியும் உண்டு. அலைமுடியில் வேருக்கு அருகே பல்லுக் கத்தரி பட்டால், குட்டையாக வெட்டுப்பட்ட இழைகள் நீண்ட இழைகளை மேலே தள்ளி, தலை முழுவதும் பறட்டையாக நிற்கும். அந்தக் குட்டை இழைகள் வளர்ந்து சேரும்வரை அதற்கு வேறு மருந்தில்லை. அலைமுடியுள்ளவர் ஹஷ் கட் விரும்பினால், பல்லுக் கத்தரியைத் தவிர்த்து, சாதாரணக் கத்தரியின் முனையால் நுனிகளை மட்டும் செங்குத்தாகக் கொத்தி மெலிவாக்கும்படி கேட்கவேண்டும்.

சி-கேர்ளுக்கு வேறொரு இடர் இருக்கிறது. ஹெயார் ட்ரையரோ முடியை வளைக்கும் சூட்டு அயனோ கொடுக்கும் வளைவு முடியினுள்ளே இருக்கும் ஐதரசன் பிணைப்புகளால் நிற்கிறது, ஈரம் பட்டால் அந்தப் பிணைப்புகள் விடுபடுகின்றன. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த குடாநாட்டின் காற்றில், அதிலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில், காலையில் வளைத்த நுனி மதியத்துக்குள் நேராகிவிடும் அல்லது வெளிப்புறமாகத் திரும்பிவிடும். இதைத் தவிர்க்கவே கொரிய சலூன்களில் பெரும்பாலும் சூட்டு முறைப் பெர்ம் செய்து, முடியின் கந்தகப் பிணைப்புகளையே மாற்றியமைக்கிறார்கள். அது சில மாதங்கள் நிற்கும். ஆனால் ஏற்கனவே ரீபொண்டிங் (இரசாயனத்தால் முடியை நேராக்குதல்) செய்த முடியின் மேல் பெர்ம் செய்வது முடி உடைந்து போகும் அபாயமுள்ளது. இங்கே கணிசமானோர் ரீபொண்டிங் செய்திருப்பதால், பார்லரில் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். ரீபொண்டிங் முடியில் ஹஷ் கட்டும் எடுபடாது, மெலிந்த நுனிகள் ஈர்க்குப்போல நேராகக் குத்தி நிற்கும். அவர்களுக்கு நீண்ட, அடர்ந்த நுனியுள்ள லேயர் ஒன்றே பாதுகாப்பானது.

வுல்ஃப் கட்டை நம் ஊரில் பலர் பார்த்த உடனே ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இயற்கையான அலைமுடியோடு மிக இணக்கமாகப் போவது அதுதான், ஏனெனில் அதன் வடிவமே ஒழுங்கற்ற அலைகளை எதிர்பார்க்கிறது. ட்ரையரும் அயனும் இல்லாமல், ஈரமாக இருக்கும்போது கையால் கசக்கி விட்டாலே அது அமைந்துவிடும். நீள்வட்ட அல்லது வைர முகமும் அலைமுடியும் உள்ள ஒருவர், பின்னல் கட்டவேண்டிய தேவையில்லாதவராக இருந்தால், அதைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம்.

அந்தப் பின்னல்தான் இங்கே பெரிய கேள்வி. பாடசாலை மாணவியர் இரட்டைப் பின்னலோடு போகவேண்டும். கன்னத்தில் தொடங்கும் லேயர் பின்னலுக்குள் அடங்காமல் காதோரத்தில் நழுவி விழும், ஒவ்வொரு நாளும் கிளிப் குத்தவேண்டியிருக்கும். உயர்தரப் பரீட்சை முடியும்வரை தோளுக்குக் கீழே தொடங்கும் நீண்ட லேயரோடு நின்றுகொள்வது நல்லது. கலியாணம் நெருங்கும் பெண்களும் இதைக் கவனிக்கவேண்டும். சவுரி வைத்துப் பின்னிப் பூச் சூடும்போது பிடரியில் நீளமும் அடர்த்தியும் வேண்டும். வுல்ஃப் கட்டும் ஹஷ் கட்டும் இழப்பது அந்த அடர்த்தியைத்தான். முடி மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். நாடியில் வெட்டிய லேயர் தோள் எலும்பை எட்ட ஒரு வருடம்வரை எடுக்கலாம் என்பதை நாள் குறிக்கும் முன்பே கணக்கிட்டுக்கொள்ளவேண்டும்.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் நீரை நம்பியவை. அந்நீரில் கல்சியம் மிகுந்திருப்பதால் சவர்க்காரமோ ஷாம்பூவோ முழுதாகக் கழுவப்படாமல் முடியில் படிந்து அதை விறைப்பாக்கும். அடர்ந்த நுனியுள்ள சி-கேர்ள் இதைத் தாங்கிக்கொள்ளும், மெலிந்த நுனியுள்ள ஹஷ் கட்டில் விறைப்பு உடனே தெரியும். தோய்ந்த பிறகு கண்டிஷனரை நுனிகளில் மட்டும் தடவி, கடைசி முறை மழைநீரால் அலசினால் நுனிகள் மென்மையாகும்.

பாங்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் கொரியத் தோற்றத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. நெற்றி தெரியும்படி மெல்லியதாக விடும் கொரிய பாங்ஸ் படத்தில் அழகு. நம் வெயிலில் நெற்றி வியர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் அது ஒரு மணித்தியாலத்துக்குள் நாலைந்து குச்சிகளாக ஒட்டிக்கொள்ளும். ஸ்கூட்டியில் ஹெல்மெற் அணிந்து போகிறவர்களுக்கு அது நெற்றியோடு அழுந்திவிடும், சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஹெல்மெற் இல்லாத நடையிலும் அது நிற்காது. இவர்களுக்கு நடுவில் பிரித்துக் கன்ன எலும்புவரை நீளவிட்ட பாங்ஸ் நல்லது. காற்றடித்தால் காதுக்குப் பின்னால் ஒதுக்கலாம், வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகும் நாளில் கொண்டைக்குள் செருகலாம். கண்ணாடி அணிபவர்கள், இழைகள் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் முட்டாமல் அதைத் தாண்டி விழுகின்றனவா என்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்த்து வெட்டுவிக்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில், யாழ்ப்பாணத்தில் அன்றாடம் வேலைக்கும் கோயிலுக்கும் போய்வரும் பெரும்பாலான பெண்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று: முகத்தைச் சுற்றி மட்டும் ஹஷ் கட்டின் மெல்லிய இழைகள், பின்புறத்தில் சி-கேர்ளுக்குரிய நீண்ட, அடர்ந்த லேயர். முன்னால் முகவடிவத்துக்கு வேண்டிய திருத்தம் கிடைக்கும், பின்னால் பின்னலுக்கும் கொண்டைக்கும் வேண்டிய முடி குறையாமல் இருக்கும்.

பார்லரில் இதைக் கேட்கும்போது கொரிய நடிகையின் படத்தோடு, தன்னுடையதைப் போன்ற அலையும் அடர்த்தியும் உள்ள முடியில் அந்த வெட்டு விழுந்திருக்கும் படம் ஒன்றையும் காட்டவேண்டும். மிகக் குட்டையான லேயர் எங்கே விழவேண்டும் என்பதை, முடி காய்ந்திருக்கும்போது விரலால் தொட்டுக் காட்டவேண்டும். அலைமுடி ஈரத்தில் நீண்டு, காய்ந்ததும் சில சென்ரிமீற்றர் மேலே ஏறிவிடும் என்பதால், ஈரத்தில் அளந்து வெட்டினால் நாடிக்குக் கீழே என்று கேட்டது கன்னத்தில் வந்து நிற்கும். முதல் தடவையில் கேட்டதைவிட இரண்டு விரல் நீளமாக வெட்டச் சொல்லி, காயவைத்துப் பார்த்து, போதாவிட்டால் அங்கேயே இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பாங்ஸைக் கடைசியில், மற்ற லேயர்கள் காய்ந்து தம் இடத்தில் விழுந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள்.